ஒலிபெருக்கி எட்டும் தூரம்

சமூகப்பணித் துறையில் இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, கடன் வாங்கியாவது இவர்களைப் படிக்கவைத்த பெற்றோரே, வெயில் ஏறுகிறது, அங்கி கனக்கும். விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'ஒலிபெருக்கி சார்'. எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசியில் புதுச்சேரிக் கடற்கரையில் போய் நிற்பேன். இன்றும் உங்களை அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டு அதற்கு வேலை தேடவில்லை. இந்த மக்களுக்குச் சேதி எங்கிருந்து கிடைக்கிறது என்று முதலில் விசாரித்தார்கள். கடைக்காரர், சந்தை, உரம் விற்பவர் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் பேராசிரியர் நினைவு வந்தது. முதல் களப்பணியன்று எங்கள் நோட்டுப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் போய் உட்காருங்கள் என்றார். எங்களுக்கு ஒரே எரிச்சல். விடுதிச் சாம்பாரைத் திட்டியதைவிட அவரைத் திட்டியதுதான் அதிகம். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த ஊரில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ரேஷன் கடை எப்போது திறக்கும், எந்த வீட்டில் பெண்ணின் படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்பதெல்லாம் காதுக்கு வந்துவிட்டது. கேள்வித்தாளை நீட்டியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இருக்கட்டும், புதுச்சேரிக்கு வருவோம்.

மையத்துக்கு இடம் தரவேண்டியது ஊர். அதை நடத்தும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்கள், அவர்களில் பலர் பெண்கள். கம்ப்யூட்டர் இயக்குவதோடு, வந்து கேட்பவருக்குப் பதில் சொல்லவும், யார் என்ன கேட்டார் என்று பதிவேட்டில் எழுதவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு கிடைத்தது. அதை இறக்கித் தமிழில் எழுதி, கரையில் கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இணையம் வந்து சேர்ந்தது கம்ப்யூட்டர் வரைக்கும்தான். அங்கிருந்து கட்டுமரம் வரைக்கும் கொண்டுபோனது ஊர்க்காரர் ஒருவரின் குரல்.

2004 டிசம்பர் 26 காலை. பக்கத்தில் நல்லவாடு கிராமத்திலும் இப்படி ஒரு மையம் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். வாசல்வரை தண்ணீர் வருகிறது என்றார்கள் வீட்டில். வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிரிழப்பு இல்லை என்று அன்றைய செய்திகள் பதிவு செய்தன. அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

போன் வந்தது ஓர் அதிர்ஷ்டம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கியில் வந்த குரலைக் கேட்டதும் ஊர் ஓடியதே, அது அதிர்ஷ்டமல்ல. தினமும் அலை உயரத்தைச் சரியாகச் சொல்லி வந்த குழாய் அது. சேதி சொல்லும் கருவி எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது.

தொண்டு நிறுவனங்களில் இன்றைய நிலை என்ன? நிறுவனங்கள் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்லதுதான். கூடவே அறிக்கை எழுதுவது ஒரு தனித் தொழிலாகவும் வளர்ந்துவிட்டது. களப்பணியாளருக்கு ஒருநாள் பயிற்சி என்றால் அதில் பாதி, போட்டோ எடுப்பதிலும் படிவம் நிரப்புவதிலும் போய்விடுகிறது. தையல் மிஷின் வாங்கிய அம்மாவின் கண்ணீர் முகத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வர்ணனை ஆங்கிலத்தில். தன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் படிக்கவும் முடியாது. இதற்கு மக்கள் தொடர்பு என்று பெயர் வைத்திருப்பது அநியாயம். அது நன்கொடையாளர் தொடர்பு. அதுவும் தேவைதான், பணமில்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை.

உங்களில் பலர் அடுத்த மாதமே ஏதாவது ஒரு நிறுவனத்தில் சேர்வீர்கள். சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே வேலை செய்பவர்களில் இந்த ஊர்க்காரர் எத்தனை பேர்? நாம் தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கை இந்த ஊருக்கும் தமிழில் போகிறதா? போகவில்லை என்று பதில் வந்தால், அதைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசிக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.