முதல் எழுத்து தோன்றும் வரை



கணினியை இயக்கியதும் திரை ஒளிர்கிறது. அவ்வொளிக்கு முன்னர் நிகழ்வதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, பீகிள்போன் பிளாக் என்னும் சிறு மின்சுற்று அட்டைக்குத் தொடக்க நிரல் எழுதக் கற்றோம். அட்டை உள்ளங்கையில் அடங்கும். அதிலுள்ள ஏஎம்335எக்ஸ் குடும்பச் செயலியை விளக்கும் கையேடோ 4,000 பக்கங்களைக் கடந்தது.

மின்சாரம் கிடைத்தவுடன், செயலி தன்னுள் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள நிரலை இயக்குகிறது. அது நம் நிரலை நினைவக அட்டை முதலிய இடங்களில் தேடிச் செயலியின் உள் நினைவகத்தில் ஏற்றுகிறது. அங்கு நம் நிரலுக்குக் கிடைப்பது 109 கிலோபைட்டு இடமே. வெளியே 512 மெகாபைட்டு நினைவகம் இருந்தும், அதனை நாம் ஆயத்தப்படுத்தும் வரை பயனில்லை. ஆயத்தமான பின்னரே யூ-பூட் போன்ற பெரிய நிரலை அங்கு ஏற்றலாம். லினக்ஸ் அதற்கும் பின்னர்தான்.

எங்கள் முதல் நிரல் பேசவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை; பிழையைச் சொல்வதற்கும் தொடர்முனையை முதலில் இயக்கியாக வேண்டும் அன்றோ? பல வார இறுதிகள் வீணாயின.

ஒரு நாள், எங்களுடன் அமர்ந்திருந்த மாணவி ஒருவருக்கு நிரலை விளக்கினோம். "இங்கே நினைவகத்தை இனிஷியலைஸ் செய்கிறோம்" என்று கடந்து சென்றோம். "அப்படியென்றால் என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். சொல் தெரிந்த எங்களுக்குச் செயலைச் சொல்லத் தெரியவில்லை. பின்னர் மெல்லத் தமிழில் வரிசைப்படுத்தினோம்: நினைவகக் கட்டுப்படுத்திக்குக் கடிகாரத் துடிப்பு அளிக்கிறோம், நேர அளவுகளைப் பதிகிறோம், அதன் பிறகே அதில் எழுதுகிறோம். சொல்லி முடிக்குமுன் பிழை புலப்பட்டது. செயற்கூறுகள் திரும்ப வேண்டிய முகவரிகளைக் காக்கும் 'அடுக்கை', இன்னும் விழிக்காத அந்த வெளி நினைவகத்திலேயே வைத்திருந்தோம்!

அடுக்கை உள் நினைவகத்திற்கு மாற்றினோம். தொடர்முனைக்கும் கடிகாரத் துடிப்பு அளித்த பின்னரே அதன் பதிவகங்களைத் தொட்டோம். யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளை அனுப்பினோம். மடிக்கணினித் திரையில் 'அ' தோன்றியது.

ஆங்கிலச் சொற்களை விலக்க வேண்டும் என்று நாங்கள் வாதிடவில்லை. 'தொடக்கநிலைப்படுத்தல்' என்று பெயர்த்து மனப்பாடம் செய்திருந்தாலும் அதே பிழையைத்தான் செய்திருப்போம். எங்களைக் காத்தது சொல்லன்று. செயலை முறைப்படி எடுத்துரைக்க நேர்ந்ததே. ஆகவே, கலைச்சொல் ஒன்றை ஆக்கும்போதெல்லாம், அது குறிக்கும் செயலை விளக்கும் தமிழ்ப் பத்தி ஒன்றையும் உடன் எழுதுவோம் என்பதே எங்கள் வேண்டுகோள்.