நாரதர் இல்லாத ஊரில் ஏரிஸ்



பழனி கதை உங்களுக்குத் தெரியும். நாரதர் கயிலாயத்துக்கு ஒரு பழத்தைக் கொண்டுபோனார். பழமோ ஒன்று, பிள்ளைகளோ இரண்டு பேர். அறுத்துத் தரவும் கூடாது. அப்புறம் என்ன, முருகன் கோவித்துக்கொண்டு மலையேறிவிட்டார்!

கிரேக்கர்களிடமும் இப்படி ஒரு பழக்கதை உண்டு. அங்கே கலகம் மூட்டியவள் ஏரிஸ். ஒரு கல்யாணத்துக்கு எல்லாத் தெய்வங்களையும் அழைத்தவர்கள், வம்பு வேண்டாம் என்று இவளை மட்டும் விட்டுவிட்டார்கள். (நம்ம நாரதருக்கு அழைப்பே தேவையில்லை, அது வேறு விஷயம்.) சும்மா இருப்பாளா? ‘பேரழகிக்கு’ என்று எழுதிய தங்க ஆப்பிளை விருந்துக்கு நடுவே உருட்டிவிட்டாள். ‘எனக்குத்தான்’ என்று மூன்று தேவியர் கிளம்ப, சண்டை வளர்ந்து டிராய் நகரில் 10 வருடப் போராக வெடித்தது.

இனி வானத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பாலோமர் வானாய்வகத்தில் 2003இல் எடுத்த படங்களை வானியலாளர் மைக் பிரவுன் குழுவினர் 2005 ஜனவரியில் மறுபடி அலசினார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி மெல்ல நகர்ந்தது. புளூட்டோவைவிடப் பெரியது என்றது கணக்கு. அப்படியானால் இது 10ஆவது கோளா? இது கோள் இல்லையென்றால் புளூட்டோ மட்டும் எப்படிக் கோள்? ஒரே ரகளை! கோள் என்றால் என்ன என்று அதுவரை முறையான வரையறையே கிடையாது. 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் வானியலாளர்கள் கூடி, ஓட்டெடுத்து, ஒன்றை வகுத்தார்கள். புளூட்டோவும் புதுப்புள்ளியும் குறுங்கோள்கள் ஆயின. அடுத்த மாதமே புள்ளிக்கு ‘ஏரிஸ்’ என்று பெயர் விழுந்தது. என்னைக் கேட்டால், இது நாரதர் கலகம்தான், நன்மையில் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், பிறகு நுணுக்கமாக அளந்தபோது புளூட்டோவின் குறுக்களவு 2,377 கிலோமீட்டர், ஏரிஸ் 2,326. ஆனால் எடையில் ஏரிஸ்தான் கூடுதல். அதைச் சுற்றும் டிஸ்னோமியா என்ற நிலவின் ஓட்டத்தை வைத்து எடை போட்டார்கள்.

அம்பத்தூர், பூந்தமல்லிப் பிள்ளைகளே, மொட்டைமாடியில் தேடாதீர்கள், வெறுங்கண்ணுக்கு அகப்படாது. அங்கிருந்து வெளிச்சம் வந்துசேரவே ஏறக்குறைய 13 மணி நேரமாகும். தூரத்தை வேண்டுமானால் நடந்து பார்க்கலாம். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பார முனையில் சூரியன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் பூமி, 60 மீட்டரில் நெப்டியூன். ஏரிஸ்? இன்னும் நடக்கணும், சூரியனிலிருந்து சுமார் 190 மீட்டர். பெரியவர்களோடு போங்கள், பிளாட்பாரம் டிக்கெட் வாங்க மறக்காதீர்கள்!