மருத்துவ மாணவரும் மின்சிகரெட்டும்

முன்னாள் ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு, ஹைதராபாத்தின் சைனிக்புரி. இன்று அதன் காபிக் கடைகளில் எந்நேரமும் இளைஞர் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பேச்சு காதில் விழுகிறது: "வேப் அடித்தால் ஒன்றும் ஆகாது, வெறும் ஆவிதானே!"

வெறும் ஆவி இல்லை. வேப் என்னும் மின்சிகரெட்டில் பேட்டரி சூடாக்கும் திரவத்தில் பெரும்பாலும் நிகோடின் இருக்கிறது. சிகரெட்டுக்கு ஆளை அடிமையாக்குவதும் அதே நிகோடின்தான். 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மின்சிகரெட்டுக்கு முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு சட்டமும் வந்தது. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மருத்துவ மாணவருக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு என்பேன். 1951இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகையின் தீங்கை ஆராய பிரிட்டிஷ் டாக்டர்களையே கேள்வி கேட்டார்கள். ஐம்பது ஆண்டு தொடர்ந்த ஆய்வு அது. புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் நிறுத்தியவர்களோ அந்தப் பத்தாண்டையும் ஏறக்குறைய மீட்டார்கள். அது சிகரெட்டின் கணக்கு. மின்சிகரெட்டுக்கு அத்தனை நீண்ட கணக்கு எடுக்க இன்னும் காலமே ஆகவில்லை. 2003இல்தான் சீனாவில் அது உருவானது.

தம்பி, தங்கைகளே, நாளை நோயாளியிடம் "புகையை விடுங்கள்" என்று சொல்லப்போவது நீங்கள். இன்றே விட்டுவிடுங்கள். துணை வேண்டுமா? 1800 112 356, அரசின் இலவச எண். கூப்பிடுங்கள்.