ஃபைல் ஒரு வழி, பாஸ்வேர்ட் வேறு வழி



ஜூலை மாதம் வந்தால் எங்கள் ஆடிட்டர் அலுவலக மெயிலில் ஊரார் வீட்டு ரகசியமெல்லாம் வரிசை கட்டி நிற்கும். ஆதார், பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம். பலர் அப்படியே அனுப்பிவிடுவார்கள். விவரமானவர்கள் பாஸ்வேர்ட் போட்டு அனுப்புவார்கள். போட்டுவிட்டு, அதே மெயிலின் அடியில் "பாஸ்வேர்ட் இதுதான் சார்" என்று எழுதியும் விடுவார்கள்!

பாஸ்வேர்ட் போட்டதும் ஃபைலைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் கணக்கு லேசுப்பட்டதில்லை. ஏஇஎஸ் என்ற முறையை உருவாக்கியவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள் இருவர். அமெரிக்க அரசு 2001-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஏஇஎஸ் 256-இல் எத்தனை சாவிகள் சாத்தியம் தெரியுமா? அந்த எண்ணை எழுதினாலே 78 இலக்கம் வரும். அத்தனையையும் போட்டுப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆயுசு போதாது. அதனால் திருடன் அந்தப் பக்கமே போகமாட்டான். உங்கள் பாஸ்வேர்டை ஊகிக்கத்தான் பார்ப்பான்.

இ-ஆதார் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாஸ்வேர்ட், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு. பார்வைக்கு எட்டு எழுத்து. ஆனால் உங்கள் பெயர் தெரிந்தவனுக்கு ஆண்டு மட்டும்தான் பாக்கி. நூறு தடவை தட்டிப் பார்த்தால் போதும். வருமான வரித்துறையின் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கைக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்ட். இரண்டுமே பான் கார்டில் அச்சாகியிருக்கின்றன. அந்தப் பான் கார்டு படத்தையும் அதே மெயிலில் இணைத்து எங்களுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு, நேயர்களே!

பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள் என்றேன். சந்தோஷமாக "சொம்பு, தவலை, குண்டான், அண்டா" என்றார்.

"அண்ணாச்சி, உங்க கடைய தெரிஞ்சவன் மொதல்ல அதத்தானே போட்டுப் பாப்பான்?"

"அப்ப நீங்களே சொல்லுங்க தம்பி."

மனம் தேர்ந்தெடுக்கும் சொல்லில் எப்போதும் நம் சாயல் விழும். அர்னால்ட் ரைன்ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1995-இல் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார். பகடையை ஐந்து தடவை உருட்டு. விழும் எண்களுக்கு நேரே, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் இருப்பதை எடு. இப்படி ஒவ்வொரு சொல்லும் உருட்டித்தான் வரவேண்டும். அண்ணாச்சிக்குப் பகடையெல்லாம் சரிவரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து, விரல் வைத்த சொல்லை எடுத்துக்கொண்டார். ஆறு சொல். என்னென்ன என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். "எம் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்ற தொல்லை இல்லாமல் பாஸ்வேர்டைப் போனிலேயே அழகாகச் சொல்லிவிட்டார்.

ஃபைலைப் பூட்ட உதவும் 7-ஜிப் இலவச மென்பொருள். ஃபைலின் பெயரும் மறைய வேண்டுமென்றால் '7இசட்' வடிவத்தைத் தேர்ந்து, ஃபைல் பெயர்களையும் என்க்ரிப்ட் செய்யும் கட்டத்தில் டிக் போடுங்கள். எக்செலில் 'புரொடெக்ட் ஷீட்' திருத்துவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட்' வேறு, அது படிப்பதையும் தடுக்கும். பாஸ்வேர்ட் மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது.

வருகிற ஜூலையில் ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டைச் சொல்ல உங்கள் ஆடிட்டருக்குப் போன் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.