காரணம் காட்டிப் பழகுவோம்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், உயர்தர வகுப்பு மாணவியரும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரை)



சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையைப் பற்றிப் பேச வைத்தியரை எதற்கு அழைத்தார்கள் என்று சிலர் யோசிப்பீர்கள். எங்கள் சங்கத்தில் வைத்தியர்கள் இருக்கிறோம். ஆசிரியைகள் நிறையவே இருக்கிறோம். வங்கியிலும் கச்சேரியிலும் இருக்கிறோம். சட்டத்தரணிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ ஓர் அம்மா வழக்கு விஷயமாகப் பதுளை நீதிமன்றத்துக்கு வந்தால், தன் கதையைத் தன் மொழியில் ஒருவரிடம் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. வாட்டில் காயத்தோடு படுத்திருக்கும் பெண்களிடம் இதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். மருந்து எங்களிடம் உண்டு. அதற்குப் பிறகு அவர்களுக்கு வேண்டியது எங்களிடம் இல்லை.

இலங்கைச் சட்டக் கல்லூரி 1874 இல் தொடங்கியது. அதன் நுழைவுப் பரீட்சையில் மொழி ஒரு பக்கம், பொது அறிவும் நுண்ணறிவும் மறுபக்கம். திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் படிப்புக்கும் தெரிவுப் பரீட்சை உண்டு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களுக்கு உயர்தர இசட் புள்ளி வேண்டும். அதைப் பற்றி ஆசிரியைகள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு வந்த ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. ஆகவே தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்பது இதன் பொருளல்ல. தீர்ப்புகளில் பெரும்பகுதி இன்னும் ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது.

பொது அறிவைப் பத்திரிகை படித்துச் சேர்த்துவிடலாம். எங்கள் பிள்ளைகள் வழுக்குவது நுண்ணறிவில். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு நுண்ணறிவு வினாக்களை விழுந்து விழுந்து செய்கிறோம். பத்து வயதில் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பத்தொன்பது வயதில் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் இது மூளைக்கூர்மை பற்றிய விஷயமே அல்ல. கொழுந்து பறிக்கிற கை போலத்தான், பழகப் பழக வேகம் வரும்.

வைத்தியத்தில் நாங்கள் தினமும் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறோம். டெங்கு என்றால் காய்ச்சல் வரும். இவருக்குக் காய்ச்சல். ஆகவே இவருக்கு டெங்கு. கேட்பதற்குச் சரி போல இருக்கிறது அல்லவா? ஆனால் வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இன்னும் பத்துக் காரணங்கள் இருக்கலாம். 'அது என்றால் இது' என்பதிலிருந்து 'இது என்றால் அது' வராது. பரீட்சையில் வருகிற தவறான விடைகளில் பாதி இந்த ஒரே அச்சில் வார்த்தவை.

இதையே தோட்டத்துக்குக் கொண்டுபோவோம். ஒரு தோட்டத்தில் 18 கிலோவுக்குக் குறைந்தால் முழுப்பேர் இல்லை என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணுக்கு முழுப்பேர் விழுந்திருக்கிறது. அவள் 18 கிலோவாவது கொடுத்திருக்கிறாள் என்று சொல்லலாமா? சொல்லலாம். இன்னொருத்திக்கு அரைப்பேர்தான் விழுந்தது. ஆகவே அவள் 18 கிலோ பறிக்கவில்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. வேறு காரணத்துக்காகப் பேர் வெட்டியிருக்கலாம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று தராசடியில் கழித்திருக்கலாம். பறித்த நிறை வேறு, பதிந்த நிறை வேறு. சனிக்கிழமை வகுப்பில் இந்த வினாவைப் போட்டபோது முதலில் கை தூக்கியவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாமார் மாலையில் பேசுவதே இதைத்தானே! கடையில் வாங்கும் இந்திய வழிகாட்டி நூல்களில் வரும் உதாரணங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியம். தருக்கம் அந்நியமல்ல.

மொழியிலும் கவனம் வேண்டும். 'எல்லோரும் வரவில்லை' என்று தமிழில் சொன்னால் ஒருவருமே வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் மட்டுமே வந்தார்கள் என்றும் கொள்ளலாம். பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். தாளில் குரல் இல்லை. மொழிபெயர்க்கப்பட்ட வினாக்களில் இது இன்னும் முரண்டு பிடிக்கும். 'மட்டும்', 'ஒழிய', 'தவிர', 'சில', 'ஆயின்' என்ற சொற்களைக் கண்ட இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். அந்த ஒரு பழக்கத்துக்கே சில புள்ளிகள் கிடைக்கும்.

இனிக் கொஞ்சம் பெரிய உதாரணம். எங்கள் வகுப்புகளில் மூன்று சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டது இதுதான்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியும். தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதைக் காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டனுடைய பிறப்புப் பதிவு இருந்தது? 1949 இல் வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். 1952 இல் ஒருவரும் போகவில்லை.

கோடாக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்டார். மீளாய்வு அதிகாரி சேர்க்கலாம் என்றார். உயர் நீதிமன்றம் 1951 இல் அதை இரத்துச் செய்தது. அவர் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனார். 1953 இல் அங்கும் தோற்றார்.

அவர் தரப்பு வாதம் சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவில் நின்றது. மற்றச் சமூகத்தவர்களுக்கு இல்லாத ஓர் இயலாமையை ஒரு சமூகத்தவர்கள்மேல் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்பது அந்தப் பிரிவு. பிரிவிக் கவுன்சில் சொன்னதன் சாரம் என்ன? இது யார் பிரஜை என்று வகுக்கிற சட்டம். எந்தச் சமூகத்தின் பெயரும் இதில் இல்லை. இந்தியத் தமிழர் வந்துபோகும் இயல்புடையவர்கள் என்பது பிரஜையாகும் தகுதியோடு தொடர்புள்ள விஷயம், அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு தொடர்புள்ளது அல்ல.

பிள்ளைகளிடம் கேட்டோம்: இந்த வாதம் எதன்மேல் நிற்கிறது? சொல்லாமல் விட்ட எடுகோள் எது? எதை நிரூபித்தால் இது பலவீனப்படும்? 'அநியாயம்' என்று எழுதியவர்களுக்குப் புள்ளி கொடுக்கவில்லை. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சட்டம் விளைவிலும் பொதுவாகவே இருக்கும் என்ற எடுகோளைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கொடுத்தோம். ஒரு கூட்டத்தில் பலர் வந்துபோனார்கள் என்பதால், இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவளும் வந்துபோகிறவள் ஆகிவிடுவாளா என்று கேட்டவளுக்கும் கொடுத்தோம்.

அடுத்த வாரம் பிரிவிக் கவுன்சில் பக்கம் நின்று வாதாடச் சொன்னோம். அழாத குறை. பாட்டியுடைய வாக்கைப் பறித்த தீர்ப்புக்காக எப்படிப் பேசுவது என்றாள் ஒரு பிள்ளை. பேசத்தான் வேண்டும். எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவர், அதை உடைக்கப் போவதில்லை. நுண்ணறிவு வினாத்தாள் சோதிப்பதும் இதைத்தான்: உங்களுக்குப் பிடித்த முடிவை அல்ல, தரப்பட்ட கூற்றுகளிலிருந்து வருகிற முடிவை. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் கப்பலேறிவிட்டார்கள் என்பதை உங்கள் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

தற்செயலாக, அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் பரீட்சை முதன்முதலாக நடந்ததும் 1948 இல்தான். யார் எந்த இருக்கையில் என்று வரிசைப்படுத்தும் பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து அதில் எடுத்துவிட்டார்கள். படம் வரையாமல் செய்ய முடியாத அந்த வினாக்கள் கண்பார்வையற்றவர்களுக்குத் தடையாக இருப்பதாக வழக்கு வந்ததே காரணம். இந்தியாவின் கிளாட் பரீட்சையும் 2020 முதல் நீண்ட பந்திகளை வாசித்து விடையளிக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. எங்கும் வாசிப்புக்குத்தான் எடை கூடுகிறது.

பயிற்சி செய்யும் விதம் பற்றிச் சுருக்கமாக. கடந்தகால வினாத்தாளை மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள். பிழைத்த வினாக்களுக்குத் தனிக் கொப்பி போடுங்கள். அதில் சரியான விடையை எழுதுவது போதாது. மற்ற ஒவ்வொரு தெரிவும் ஏன் பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்து வினா போதும். இரவில் விளக்கு, தம்பி, தண்ணீர் என்று ஆயிரம் தொல்லை இருக்கும் வீட்டில் ஐம்பது செய்யச் சொல்வது நடக்காத காரியம். இருவர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒருத்தி மற்றவளுக்கு விளக்கும்போதுதான் ஓட்டை தெரியும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புகிறீர்கள், நன்றி. இந்த முறை வினாவும் அனுப்புங்கள். உங்கள் வேலையிலிருந்து ஐந்து வினாக்கள், தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே எழுதியவை, பிழையான தெரிவுகளுக்குரிய விளக்கத்தோடு. வங்கியில் இருப்பவர் கடன் விதியிலிருந்து எழுதலாம், ஆசிரியை நேரசூசியிலிருந்து எழுதலாம்.

வைத்தியர்களின் பங்காக முதல் வினாவை நாங்களே தந்துவிடுகிறோம். கிளினிக் வாசலில் ஓர் அறிவித்தல்: 'அட்டை உள்ளவர்கள் மட்டும் எட்டு மணிக்கு உள்ளே வரலாம்.' அட்டை உள்ள ஓர் அம்மாவை எட்டு மணிக்கு வாசலில் நிறுத்தினால், அறிவித்தல் மீறப்பட்டதா? விடையைத் தேநீர் வேளையில் சொல்லுங்கள், காரணத்தோடு.