கையெழுத்திட்ட அன்பு



யாருடைய நினைவாக நாம் இன்று பொத்தேரியில் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் சேரித் தெருவிளக்கின் கீழ் இரவுப் பள்ளி நடத்தியவர். படிப்பை நிறுத்திய பையனைக் கண்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கையில என்ன பேப்பர்டா வச்சிருக்க?" என்பதுதான். மாற்றுச் சான்றிதழா, சாதிச் சான்றிதழா, சம்பளச் சீட்டா? ஒன்றும் இல்லையென்றால் மறுநாளே அவனை ஏதாவது ஓர் அலுவலக வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அதே கேள்வியை வைத்துக்கொண்டு, ஏழை இளைஞர்களுக்காகவே தொடங்கப்பட்ட ஒரு கத்தோலிக்கத் துறவற சபையின் பணியை இன்று பார்ப்போம்.

அந்தச் சபை சலேசிய சபை. நம் ஊரில் 'டான் பாஸ்கோ' என்றால் எல்லோருக்கும் தெரியும். 1841இல் குருவான தொன் போஸ்கோ, இத்தாலியின் தூரின் நகரச் சிறைகளுக்குப் போனபோது அங்கே அடைபட்டிருந்த சிறுவர்களைப் பார்த்தார். கிராமத்தில் பிழைப்பில்லாமல் நகரத்துக்கு வந்து, கொத்து வேலையிலும் எடுபிடி வேலையிலும் நசுங்கிய பிள்ளைகள் நகரமெங்கும் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் தங்க இடம் கொடுத்தார், சோறு கொடுத்தார், செருப்பு தைக்கவும் துணி தைக்கவும் அச்சுக் கோக்கவும் பட்டறைகள் வைத்தார். 1859இல் சபையை நிறுவினார். இவை பலரும் அறிந்தவை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது பலரும் பேசாத வேறொன்று.

1852 பிப்ரவரியில் ஒரு பையனைத் தச்சரிடம் தொழில் பழகச் சேர்த்தபோது, முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும், தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டும், கை நீட்டக் கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது, திருநாட்களில் விடுமுறை தர வேண்டும், கூலி இவ்வளவு. முதலாளி, பையன், அவனுடைய தகப்பன், தொன் போஸ்கோ ஆகியோர் அதில் கையெழுத்திட்டார்கள். இரக்கத்தை முதலாளியின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் தாளில் ஏற்றிய செயல் இது. அன்புக்கும் உரிமைக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு அந்தத் தாளில் இருக்கிறது.

1906இல் சலேசியர் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பின்னர் சென்னையில் வேரூன்றினார்கள். 1960களில் வியாசர்பாடியில் இத்தாலியக் குருவான மந்தோவானி, ஊரார் திரும்பிப் பார்க்காத ஏழைகளோடு இருந்து பணி செய்தார். 1980களில் ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் கிடந்த சிறுவர்களுக்காக 'அன்பு இல்லம்' வந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளையைப் போலீஸ் அடித்துத் துரத்திய காலத்தில், அவனை உட்காரவைத்துப் பெயரைக் கேட்ட இடம் அது. இதை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே சபைதான் எழும்பூரில் வசதி படைத்தவர்கள் இடம் தேடி அலையும் பள்ளியையும் நடத்துகிறது என்பதையும் மறைத்துச் சொல்லக் கூடாது.

நமக்குள்ள கேள்வி சாதியைப் பற்றியது. தெருவுக்கு வரும் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறான்? நிலமில்லாத குடும்பம், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட பெற்றோர், பள்ளியில் பட்ட அவமானம். இவை எல்லாச் சாதிக்கும் சமமாகப் பங்கு வைக்கப்பட்டவை அல்ல. ஆனால் இல்லங்களின் பதிவேட்டில் அவன் 'ஆதரவற்றவன்', 'தெருச் சிறுவன்'. "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாக்கியம். அதன் விலையைப் பையன் கொடுக்கிறான்.

எப்படி என்று பாருங்கள். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்தச் சான்றும் இல்லாத பிள்ளைக்கு அது உதவிதான். ஆனால் பட்டியல் சாதிப் பிள்ளையின் வேரை யாரும் தேடிப் போகாவிட்டால், அவனுக்குரிய இடஒதுக்கீடும் உதவித்தொகையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் அவனுக்குத் தெரியாமலே கைநழுவிப் போகும்.

கிறிஸ்தவத் தலித் பிள்ளைக்கு இது இரட்டைப் பூட்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒப்புக்கொண்டது. துறவற மடத்தை விட்டு வெளியே வந்த பாமா, 1992இல் 'கருக்கு' வழியே இதை முன்பே எழுதிவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகு அதை எந்த இல்லத்தின் பதிவேட்டில் பார்க்கலாம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இது செங்கல்பட்டு மண். இங்கே தாளின் மதிப்பை நாம் உயிர் கொடுத்துக் கற்றோம். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பெயர்களைக் கவனியுங்கள். ஒருவர் ஜான், ஒருவர் ஏழுமலை. அரசாணை இவர்களைப் பிரித்துவைத்தது. குண்டு பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது பொத்தேரி ரயில் நிலையத்தில் காலையில் நின்று பாருங்கள். ஒரு கூட்டம் ஜிஎஸ்டி சாலையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதே வயதுடைய இன்னொரு கூட்டம் மறைமலை நகர், ஒரகடம் கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ட்ரெய்னி' என்று இருக்கும். 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஆனால் பயிற்சிக்கென்று தனி நேரமில்லாமல், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்துவிட்டு, காலம் முடிந்ததும் அடுத்த கேட்டில் வேறு அட்டை மாட்டிக்கொள்ளும் நம் தம்பிகள் எத்தனை பேர்? பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியே வரும் பையனும் இந்த வரிசையில்தான் வந்து நிற்கிறான். இளைஞர் நீதிச் சட்டம் 2015, இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்பு உண்டு என்கிறது. அது வெறும் வாழ்த்தோடும் ஒரு பெட்டியோடும் முடிந்துவிடக் கூடாது.

ஆகவே சலேசியர் உட்பட இளைஞர் பணி செய்யும் எல்லாச் சபைகளிடமும் நாம் கேட்பவை மூன்று. பிள்ளை இல்லத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அவன் குடும்பத்தையும் ஊரையும் தேடி, சமூகச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பயிற்சி மையத்திலிருந்து கம்பெனிக்கு அனுப்பும்போது என்ன தொழில், எத்தனை மாதம், என்ன ஊதியம் என்று எழுதி, 1852இல் உங்கள் நிறுவனர் போட்டதுபோல நீங்களும் கையெழுத்திடுங்கள். இல்லங்களை நடத்தும் குழுக்களில் அங்கே வளர்ந்த தலித் இளைஞர்களை உட்காரவையுங்கள்.

மாணவ நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியும், தாசில்தார் அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியும். இந்த ரயில் பாதையில் உங்கள் வயதில் ஒருவன் அந்த வழி தெரியாமல் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அவனோடு உட்காருங்கள். நம் தோழர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்: கையில என்ன பேப்பர் வச்சிருக்க?

ஜெய்பீம்.