சொந்த ஊர்க் கூச்சல்



2021 செப்டம்பர் 25. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம், நார்மன் நகரம். 80,000 பேருக்கு மேல் உட்காரும் பல்கலைக்கழக மைதானத்தில் மேற்கு வர்ஜீனியாவுடன் கால்பந்து ஆட்டம். கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. ஓக்லஹோமாவின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர், ஸ்பென்சர் ராட்லர். அவர் எறிந்த பந்து எதிரணியின் கையில் சிக்கியது. உடனே மாணவர்கள் பக்கமிருந்து முழக்கம் கிளம்பியது: “கேலப் வேண்டும்! கேலப் வேண்டும்!”

கேலப் வில்லியம்ஸ், வாய்ப்புக்காகக் காத்திருந்த மாற்று வீரர். ராட்லருக்கு 21 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. கத்தியவர்கள் வெளியூர்க்காரர்களா? இல்லை. அவர் படிக்கும் கல்லூரியில் படிப்பவர்கள். என் மனத்தை அறுப்பது அதுதான்.

“காசு வாங்குகிறான், திட்டும் வாங்கட்டுமே” என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், அந்த ஆண்டு ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம்.

ஆனால் 2013-ஐ நினைத்துப் பாருங்கள். அலபாமா அணியின் உதைப்பாளர் கேட் ஃபாஸ்டர், பரம எதிரியான ஆபர்னுடன் நடந்த ஆட்டத்தில் மூன்று உதைகளில் புள்ளி எடுக்கத் தவறினார். கடைசி நொடியில் இன்னோர் உதையும் தவறி, அலபாமா 34-28 என்று தோற்றது. அந்தக் கடைசி உதை அவருடையதுகூட இல்லை. ஆனாலும் ட்விட்டரில் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்தன. விளம்பரத்தில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க அனுமதி இல்லாத காலம் அது! அப்படியானால் இந்தக் கோபத்துக்குக் காசா காரணம்? முன்னாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் தன் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதினார். ஒரு மாணவனைத் தேற்ற அத்தனை பெரிய மனிதர் வர வேண்டியிருந்தது.

ரசிகருக்குக் கோபமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளரைக் கேளுங்கள். யாரை இறக்குவது என்று முடிவெடுப்பவர் அவர். ஆட்டம் பிடிக்கவில்லையா, எழுந்து வீட்டுக்குப் போங்கள். பந்தைத் தவறவிட்ட பையன் தலைகுனிந்து வரும்போது ஊளையிடாதீர்கள். தவறியது அவனுக்குத் தெரியும்.

நார்மனில் அன்று ஆட்டம் 13-13 என்று நின்றது. கடைசிச் சில நிமிடங்களில் அணியை எதிரணியின் எல்லை அருகே வரை நகர்த்திக் கொண்டுபோனது கேலப் அல்ல, ராட்லர்தான். நேரம் முடியும் தறுவாயில் ஓர் உதை. ஓக்லஹோமா 16-13 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்து, டெக்சஸுடன் ஆடும்போது அவருடைய இடம் கேலப் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு ராட்லர் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டார்.